நாற்பது கிலோ வெள்ளைத் தோல்

ஜனவரி 6, திங்கள்

மதுரை போய்வந்தேன். முத்தரசிக்கு நாலாவது ஆபரேஷன் முடிந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து வலது கையில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்கு ஒட்ட இனி எடுக்கத் தோலில்லை என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார்.

முத்தரசி என் கொட்டகையில் மீன் தோல் தரம் பிரிக்கிறவள். வயது இருபத்தேழு. போன செப்டம்பரில் செதில் அலசும் வெந்நீர் அண்டா சரிந்து கழுத்து, நெஞ்சு, கை எல்லாம் வெந்துபோனது. அண்டாவுக்குக் கல் முட்டுக் கொடுத்தது நான். சரியாகத்தான் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை.

வார்டு வாசலில் ஒரு டாக்டரம்மா மறித்தார். ஒல்லியான உடம்பு, தலையில் முக்காடு, காலில் பழைய கேன்வாஸ் ஷூ.

"நீங்கதான் தூத்துக்குடியில மீன் தோல் யாவாரமா?"

"ஆமா. செதிலும் உண்டு."

"களவா மீன் தோல் கிடைக்குமா?"

"எத்தன டன் வேணும்?"

"பத்து கிலோ."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெயர் ஜுலைஹா. ஊர் காயல்பட்டினம். என் பேச்சைக் கேட்டதும் அவர் பேச்சும் நம் பக்கத்துக்கு இறங்கி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லையாம். "தீக்காயக்காரங்களுக்கு மெஷின்ல தோல் அச்சடிக்கிறேன்" என்றார், வடை சுடுகிறேன் என்பதுபோல.

மீன் கழிவைச் சைக்கிளில் கட்டிக் கோழிப் பண்ணைக்கு விற்ற காலத்திலிருந்து சாம்பிள் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் மறுபடி வர மாட்டார்கள். கார்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

டாக்டருக்குப் பத்து கிலோ போனது. குவியலில் கிடந்ததை வெளுக்கக்கூடச் செய்யாமல் அள்ளி ஐஸ் போட்டுக் கட்டச் சொன்னேன். இனாம் சரக்குக்கு இவ்வளவு போதும்.

ஜனவரி 24, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். தோல் பிரமாதம், வந்து பாருங்கள் என்றார். எந்த வியாபாரிக்கும் அப்படி ஒரு அழைப்பு வராது. போனேன்.

மூன்றாவது மாடி. செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி ஆக்கிவிட்டார்கள். முதல் அறையில் என் தோலைப் புளித்த தண்ணீரில் குளிரவைத்து நாள்கணக்கில் கரைக்கிறார்கள். வடிகட்டி உலர்த்தினால் பஞ்சு மாதிரி ஒன்று மிஞ்சுகிறது. பத்து கிலோவுக்கு ஒரு பொட்டலம். அதைத் திரும்பக் கரைத்தால் அதுதான் மை. இரண்டாவது அறையில் நோயாளியின் உடம்பிலிருந்து தபால்தலை அளவுக்கு எடுத்த தோலிலிருந்து செல் பிரித்து, உடம்புச் சூட்டிலேயே வைத்த அலமாரியில் வளர்க்கிறார்கள். மூன்றாவது அறையில் மெஷின். செல்லைக் கலந்த மை ஊசி வழியாக வரி வரியாக இறங்குகிறது. இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். இழை மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கோகிலவாணி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், நாலு வருஷமாக இங்கே. ஒன்றுவிட்டு ஒரு நாள் அந்தச் செல்லுக்குத் தீனி மாற்ற வேண்டுமாம், தீபாவளி ஆனாலும். "பொங்கலுக்காச்சும் ஊருக்குப் போனியாம்மா?" என்றேன். "செல்லுக்குப் பொங்கல் தெரியாது சார்" என்றாள். டாக்டர் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆன வாக்கியம் என்பது டாக்டர் முகத்திலேயே தெரிந்தது.

டாக்டருக்கு இதில் பதினொரு வருஷம். முதல் ஆறு வருஷம் எதுவும் நிற்கவில்லை என்றார். இப்போதுதான் ஐந்து பேருக்கு, ஆளுக்கு உள்ளங்கை அளவு, வைத்துப் பார்க்க அனுமதிக் குழு சம்மதித்திருக்கிறது. அந்த ஐந்தில் முத்தரசி பெயரும் இருக்கிறது. தழும்பு இழுத்து இழுத்து அவள் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அதை வெட்டி விடுவித்தால் அங்கே மூட ஓர் உள்ளங்கை தோல் வேண்டும்.

"ஒட்டுமா டாக்டரம்மா?"

"அத யாரும் உறுதியா சொல்ல முடியாது. நானே சொன்னாலும் நம்பாதீங்க அண்ணாச்சி."

தன் சரக்கைத் தானே மட்டம் தட்டும் ஆளை இன்றுதான் பார்த்தேன். அடுத்து நாற்பது கிலோ கேட்டார்.

ஜனவரி 25, சனி

கொட்டகை மேஸ்திரி பாக்கியத்தைக் கூப்பிட்டு, டாக்டர் சரக்கு தனி என்றேன். முதல் தரமாகப் பொறுக்கி, இரண்டு முக்கு முக்கச் சொன்னேன்.

நம் தொழிலில் தோலைப் பெராக்சைடு தொட்டியில் முக்கி வெளுத்துத்தான் அனுப்புவது. வெள்ளையாக இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் கண்ணில் நிற்கும். சாதாரணச் சரக்குக்கு ஒரு முக்கு. இரண்டாம் முக்கு, நான் மதிக்கிற பார்ட்டிகளுக்கு மட்டும்.

"ஜப்பானுக்குப் போறத விட வெள்ளையா வேணுமா அண்ணாச்சி?"

"அத விட வெள்ளையா. முத்தரசி கழுத்துக்குப் போறது."

பாக்கியம் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நாற்பது கிலோ மதுரை போய்ச் சேர்ந்தது. பால் மாதிரி இருந்தது. நானே நின்று ஐஸ் போட்டேன். "என்னங்க இவ்ளோ வெள்ளையா இருக்கு" என்று டாக்டர் அசந்துபோனாராம். வேன் டிரைவர் வந்து சொன்னான். சந்தோஷம்.

பிப்ரவரி 27, வியாழன்

டாக்டர் போன். மை உறையவில்லையாம். பிழிந்த வரி நிற்காமல் சரிகிறது, செல் ஒட்டாமல் மிதந்து செத்துப்போகிறது.

"உங்க பக்கம் ஏதாவது மாறிச்சா அண்ணாச்சி?"

"ஒண்ணும் மாறல. அதே மீனு, அதே தோலு."

மெஷின் ஊசியில் கோளாறாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். இருக்கலாம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மதுரை. முத்தரசியைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன். டாக்டருக்கு நோன்பு. முகம் காய்ந்திருந்தது. இரண்டாவது அச்சும் சரிந்துவிட்டது. ஊசி புதுசு.

"மீன் யாவாரிங்க ஃபார்மலின் போடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். "கேக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. நீங்க போடுவீங்களா?"

"என் கொட்டகைக்குள்ள அது வந்ததே இல்ல. வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

"வேற எதுவும்?"

"ஐஸு. உப்பு. அவ்வளவுதான்."

ஒரு படிவம் நீட்டினார். எந்த மருந்தும் சேர்க்கவில்லை என்று வாக்குமூலம். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஃபார்மலின் தொடாதவன் நான், அது சத்தியம். பெராக்சைடு போடும்போதே ஆவியாகிப் போகிற சாமான். தோலில் என்ன தங்கப்போகிறது? தலைமயிருக்கே போடுகிறார்கள்.

கோகிலவாணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கும்போதும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

ஃபார்மலின் சோதனை முடிவு வந்துவிட்டது. இல்லை என்று. "மன்னிச்சுக்கோங்க, உங்கள சந்தேகப்பட்டுட்டேன்" என்றார் டாக்டர். பரவாயில்லை என்றேன். இதைவிட லேசாக ஒரு மன்னிப்பை நான் வாங்கியதில்லை.

மெஷின் சரி, தோல் சரி என்றால் மிச்சம் கைதான் என்று முடிவு கட்டிவிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சாத்தவில்லை.

"மூணு பேட்ச் கோகிலா. மூணும் உன் கையில."

"மேடம், நான் எல்லாம் அதே மாதிரிதான் செய்றேன்."

"அதே மாதிரி செஞ்சா அதே மாதிரி வரணும்ல?"

"மையே உறைய மாட்டேங்குது மேடம். செல் அதுக்கு அப்புறம்தானே."

"உனக்கு எப்பவும் பழி போட ஏதாவது கிடைச்சிடும்."

வெளியே வந்தவள் என் எதிரே நின்று கண்ணைத் துடைத்தாள். பிறகு, "சார், காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மார்ச் 22, சனி

கொட்டகையில் பாக்கியம் டாக்டருக்கு அடுத்த சரக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு கிலோதான், சோதனைக்கு.

"அண்ணாச்சி, இதையும் ரெண்டு முக்கு முக்கணுமா?"

"ஏன் கேக்க?"

"ஆளு மேல ஒட்டுறதுல்லா. மருந்து எரிக்குமேன்னு நெனச்சேன். என் கையவே பொத்துது."

"ஒன் வேலயப் பாரு" என்று கத்திவிட்டேன். வேலையாட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பத்து வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, டாக்டர் சரக்கை முக்க வேண்டாம் என்றேன். மருந்து விலை ஏறிவிட்டது என்றும் சொன்னேன். எட்டு கிலோவுக்கு மருந்து எவ்வளவு பிடிக்கும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையாட்டினாள்.

ஏப்ரல் 3, வியாழன்

எட்டு கிலோ போனது. பழுப்பாகத்தான் இருந்தது. ஐஸ், உப்பு. அவ்வளவுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டாயிற்று. ஜூன் பாதி வரை தோல் வராது. நாட்டுப்படகில் வருகிற களவா முழு மீனாகவே சந்தைக்குப் போய்விடும். கொட்டகை காலி. சும்மா இருக்கிறதுதான் எனக்கு ஆகாத வேலை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வரிசை நீளம். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மை உறைந்துவிட்டது. செல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று உயிரோடு. டாக்டர் போனில் சொல்லவில்லை, நேரில் வரச் சொல்லிக் காட்டினார். கண்ணாடித் தட்டில் ரோஜா நிறத்தில் மெல்லிசாக ஒன்று. இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினார். கிழியாமல் வந்தது. முத்தரசிக்கு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோகிலாவ செல் ரூமுக்குள்ள விடாம நானே செஞ்சேன். உடனே வந்துடுச்சு பாருங்க" என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, வருத்தமும் இருந்தது. கோகிலவாணியை ஊருக்கு அனுப்பிவிட்டாராம். நாலு வருஷ ஆராய்ச்சியை வேறு தலைப்பில், வேறு இடத்தில் தொடர வேண்டுமாம்.

நாள் குறித்தாயிற்று. மே 12 அச்சு, மே 19 ஆபரேஷன். ஐந்து பேருக்கும்.

"எட்டு கிலோ அஞ்சு பேருக்குப் பத்துமா?"

"ரெண்டு பேருக்குத்தான் பத்தும். மிச்ச மூணு பேருக்கு ஃப்ரீஸர்ல பிப்ரவரி சரக்கு இருக்கே. சரக்குல குத்தமில்லன்னு இப்பத்தான் நிச்சயமாயிடுச்சே."

அது இரண்டு முக்கு முக்கியது என்று சொல்லாமலே படியிறங்கினேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். நாட்டுப்படகுக் களவாவை முழு மீனாக வாங்கி நானே உரித்துத் தருகிறேன், இனாம் என்றேன். வேண்டாம் அண்ணாச்சி, பேட்ச் நம்பரெல்லாம் குழுவுக்குப் போயாச்சு என்றார்.

பழைய சரக்கை முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா என்றேன். அச்சடித்த பிறகுதான் தெரியுமாம். தப்பினால் அந்த ஆட்களின் உடம்பிலிருந்து எடுத்து வளர்த்த செல்லும் சேர்ந்து போய்விடும். "அப்படிப் போனா எனக்கும் அனுமதி போயிடும். வாய வச்சுத் தொலைக்காதீங்க" என்று சிரித்தார்.

பிறகு ஒன்று கேட்டேன். முத்தரசிக்கு முதலில் செய்ய முடியுமா, புதுச் சரக்கில்? நம்ம பிள்ளை, பயப்படுகிறாள் என்றேன்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். போட்டுடலாம்" என்றார்.

வேலை முடிந்தது.

மே 2, வெள்ளி

முடிந்த வேலைக்கு எதற்கு மதுரை போனேன் என்று தெரியவில்லை.

முத்தரசி பக்கத்து வார்டு ஆளோடு வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தாள். விருதுநகர்ப் பரோட்டா மாஸ்டர், சங்கரபாண்டி. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வலது கை போய்விட்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. பட்டியலில் மூன்றாவது ஆள்.

"இவுகதான் மொதலாளி" என்றாள் முத்தரசி. "மீன் தோலு இவுக கொட்டகைலருந்துதான்."

"அண்ணாச்சியா? கையெடுத்துக் கும்பிடலாம்னா கை இந்த லட்சணத்துல இருக்கு" என்றார் அவர். "ஒரு சந்தேகம் அண்ணாச்சி. மீனு வாசம் அடிக்குமா? டிஸ்சார்ஜ் ஆனதும் சைவக் கடை போடலாம்னு இருக்கேன்."

முத்தரசி சிரித்தாள். தாடை நிமிராததால் அந்தச் சிரிப்பு தரையைப் பார்த்துத்தான் போனது.

"எனக்கு மாவு வீசத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது" என்றார். "கட்டை விரல் தனியா வந்துட்டாப் போதும். மீதி நாலும் ஒட்டியே கெடக்கட்டும்."

கீழே கேட் பக்கம் கோகிலவாணி. அட்டைப் பெட்டியில் நோட்டுகளை எடுத்துப் போக வந்திருக்கிறாள். ஆட்டோவில் ஏற்ற உதவினேன். கை இரண்டும் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் ரத்தக் கோடு.

"என்னம்மா இது?"

"ஸ்பிரிட் போட்டுக் கழுவிக் கழுவி சார். என் கையிலருந்துதான் ஏதோ போகுதுன்னு மேடம் சொன்னாங்கள்ல."

மே 5, திங்கள்

செதில் மூட்டை எடை போடும்போது இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். பாக்கியம் திருத்தினாள். டாக்டர் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

சொன்னால் இரண்டு பேருக்குத்தான் தோல். அந்த இரண்டில் முத்தரசி இருப்பாள் என்று யார் சொன்னார்கள்? சொல்லாவிட்டால் அவளுக்கு நிச்சயம். இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. காலையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 8, வியாழன்

பத்து மணிக்கு மாடி ஏறினேன். டாக்டர் சின்னக் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, ஃப்ரீஸர்ல இருக்க சரக்கு ஆகாது."

"எந்தச் சரக்கு?"

"பிப்ரவரியில நான் அனுப்புன நாப்பது கிலோ. அதுல வெளுப்பு மருந்து போட்டிருக்கு. பெராக்சைடு."

கையிலிருந்த சீட்டை எழுதி முடித்து, ஒட்டி, குழாயை நிற்கவைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எவ்வளவு?"

"தொட்டிக்கு ரெண்டு கேன். முதல் முக்கு ஒரு மணி நேரம். ரெண்டாவது காலையில போட்டு மத்தியானம் எடுக்கிறது."

"மார்ச்சுல நான் கேட்டேன்."

"கேட்டீங்க."

"கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன்."

"அப்ப இந்த எட்டு கிலோ?"

"அதுல இல்ல. மார்ச்சு இருபத்திரண்டுல நிறுத்தச் சொல்லிட்டேன்."

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லதா குடுக்கணும்னுதான் முக்கச் சொன்னேன். முதல்ல அனுப்புனது குப்பையா அள்ளுனது. இது அந்தப் பிள்ளைக்குன்னு..."

"அது புரியுது. ஏன் சொல்லல?"

முப்பது வருஷப் பழக்கம் என்றேன். சரக்கில் குறையா என்று ஒருவர் கேட்டால், யோசிக்கும் முன்னே வாய் இல்லை என்று சொல்லிவிடும்.

"மார்ச்சுல வாய் சொல்லிடுச்சு, சரி. ஏப்ரல்ல யோசிக்க நேரம் இருந்துச்சுல்ல? முத்தரசிக்கு முதல்ல போடச் சொல்லும்போது யோசிச்சுத்தானே கேட்டீங்க?"

ஆமாம் என்றேன்.

அப்போதே கோகிலவாணிக்குப் போன் போட்டார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. "கோகிலா, உன் கையில தப்பில்ல. தோல்ல மருந்து இருந்திருக்கு" என்றார். பிறகு அவள் பேசியது எனக்கும் கேட்டது. "ரெண்டாவது பேட்ச் நோட்ல எழுதியிருக்கேன் மேடம். மூலப்பொருள் சந்தேகம்னு. நீங்க அதுல டிக் போட்டிருக்கீங்க." டாக்டர் நோட்டைத் தேடினார். அது இங்கே இல்லை. அட்டைப் பெட்டியோடு போய்விட்டது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். 'தவறுதலாக' என்று ஓர் இடத்தில் போட்டிருந்தேன். அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

எழுந்திருக்கும்போது, "முத்தரசி?" என்றேன்.

"அத நான் முடிவு செய்றதில்ல. சர்ஜன் சொல்லுவார்."

மே 11, ஞாயிறு

சர்ஜன் சொல்லிவிட்டார். கண் இமை மூடாத ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அடுத்து சங்கரபாண்டி, விரல் எலும்போடு ஒட்டும் முன்னே. கழுத்து காத்திருக்கலாமாம்.

மே 13, செவ்வாய்

முத்தரசியிடம் நானே சொல்ல வேண்டும் என்று போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என் சட்டைப் பொத்தானுக்கு மேலே பார்க்க முடியாது. அதுவரை அது எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

எல்லாம் சொன்னேன்.

"எனக்கு மொதல்ல போடச் சொன்னியளாமே" என்றாள் முடிவில். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஆமா."

"அப்போ சங்கரபாண்டி அண்ணனுக்கு அந்தக் கெட்டுப்போனது."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கையில் கட்டின துணியின் நூலை இழுத்தாள்.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு நிமிந்து பாக்கணும் மொதலாளி. எட்டு மாசமா எல்லாரு காலையும் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். யாருக்குப் போனா எனக்கென்னன்னுதான் சொல்லியிருப்பேன்." மூச்சு வாங்கினாள். "சொல்லிட்டு, அந்த அண்ணங்கூட வராந்தாவுல ஒக்காந்து சிரிச்சுப் பேசியிருப்பேன். நல்லவேள நீங்க கேக்கல."

பழம் வாங்கிப் போயிருந்தேன். மேசையில் வைத்தேன்.

"பெராக்சைடு எத்தன முக்கு?" என்றாள்.

"ரெண்டு."

"களவாக்கு ஒண்ணே கூடுதல். தோலு நாரு விட்டுரும். நான் இருந்தா ஒங்கள விட்டிருக்க மாட்டேன்."

மே 28, புதன்

டாக்டர் போன் செய்தார். குழு விசாரணை முடிந்தது. அனுமதியை ரத்து செய்யவில்லை. மிச்ச மூன்று பேருக்கு ஆகஸ்ட் வரை நேரம். சங்கரபாண்டி கையில் ஒட்டியது பிடித்துவிட்டது. இமைப் பிள்ளைக்குப் பாதிதான் பிடித்திருக்கிறது, பார்க்கலாம் என்றார்.

தோல் யாரிடம் வாங்குவீர்கள் என்று கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

"அனுமதி உங்க ஊர்க் களவா தோலுக்குத்தான் இருக்கு. மாத்தினா முதல்லருந்து ஆரம்பிக்கணும். உங்ககிட்டதான் வாங்கணும். ஆனா உங்க பேச்ச நம்பி வாங்கப் போறதில்ல. கோகிலா வந்து நிப்பா. அவ பாக்காத எதையும் கட்டக் கூடாது."

கோகிலவாணி திரும்பி வந்துவிட்டாளா என்று கேட்டேன். "மூணு தடவ கூப்பிட்டேன். மூணாவது தடவ வந்தா" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

படகுகள் வந்துவிட்டன. விடிந்ததும் முதல் களவா ஏலம்.

கோகிலவாணி எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்தாள். கை ஆறியிருந்தது. என்னோடு தேவைக்குத்தான் பேசினாள். பெராக்சைடு கேன்களை எல்லாம் வெளியே எடுத்து, எண்ணி, ஓர் அறையில் அடைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு ஆட்டோவில் முத்தரசி. ஆபரேஷன் வரை வீட்டில் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். நான் வரச் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளாகவே வந்தாள். அண்டா இருந்த மூலைப் பக்கம் திரும்பாமல் நேரே தரம் பிரிக்கும் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். "கீழதான பாக்கணும், அதுக்கு இந்தக் கழுத்து போதும்" என்று சொல்லி இடது கையை நீட்டினாள். பாக்கியம் கையுறை மாட்டிவிட்டாள்.

ஒவ்வொரு தோலாக விரித்து, விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது ஐஸு பத்தாம கெடந்தது." தள்ளினாள்.

"இது நேத்து மீனு." தள்ளினாள்.

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குத மாதிரில்லா பாக்கா" என்றாள் பாக்கியம்.

கோகிலவாணி தேறியதை மட்டும் எடை போட்டு எழுதினாள். தள்ளிய கூடை நிறைந்துகொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இதுல என்ன கொற? நல்லாத்தான இருக்கு?"

முத்தரசி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் மேலே என்னைப் பார்க்க முயன்றாள்.

"ஒங்க கழுத்துல ஒட்டிக்கிடுவியளா?"

கையிலிருந்ததைத் தள்ளிய கூடையிலேயே போட்டேன். டாக்டர் சோதனைக்கும் சேர்த்துக் கேட்ட முப்பது கிலோவில் ஒன்பதுதான் தேறியது. இன்னும் இருபத்தொன்று வேண்டும். அடுத்த ஏலத்துக்குத் துறைமுகத்துக்கு நானே கிளம்பினேன்.